கோட்பாடு என்னும் சொல்லும் இராயபுரத்துக் கரையும்

அறிவியலைத் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் அன்றாடம் கையாளும் சொற்களுள் மூன்று தனியே ஆராயத்தக்கவை. 'உண்மை', 'விதி', 'கோட்பாடு' என்பன அவை. இவை அறிவியலுக்கெனப் பிறந்த சொற்கள் அல்ல. சமயத்திலும் சட்டத்திலும் வீட்டுப் பேச்சிலும் நெடுங்காலம் வாழ்ந்து பொருளேறிய பின்னரே பாடநூல்களுக்குள் குடிபுகுந்தன. ஆதலால் நியூட்டனின் விதியைப் படிக்கும் மாணவன் காதில் தலைவிதியும் சேர்ந்தே ஒலிக்கிறது. வெப்பமானி காட்டும் அளவும் உண்மை, விசுவாச மறைபொருளும் உண்மை, பொய் பேசாத குணமும் உண்மை என்றால், எந்த உண்மையை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் குழப்பம் தொடக்கத்திலேயே நுழைந்துவிடுகிறது.

மூன்றாவது சொல்லே இக்கட்டுரையின் பொருள். கோட்பாடு, கொள்கை, கருதுகோள் ஆகிய மூன்றுக்கும் 'கொள்' என்னும் வினையே வேர். ஒருவர் மனத்தில் கொண்டிருப்பது கொள்கை. அரசியல் கட்சிக்குக் கொள்கை உண்டு. திருச்சபைக்குக் கோட்பாடு உண்டு. கட்சியின் கொள்கையை ஏற்கலாம், எதிர்க்கலாம், தேர்தலுக்குத் தேர்தல் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். திருச்சபையின் கோட்பாட்டையோ விசுவாசத்தால் ஏற்கிறோம். டால்டனின் அணுக்கொள்கை, ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு, டார்வினின் பரிணாமக் கோட்பாடு என்று சொல்லும்போது இவ்விரு பொருள்களும் நிழல்போல் உடன் வருகின்றன. கத்தோலிக்கச் செவிக்குப் 'பரிணாமக் கோட்பாடு' என்பது நம் கோட்பாட்டுக்கு எதிரே வைக்கப்பட்ட இன்னொரு சமயக் கோட்பாடாகவே கேட்கிறது. அறிவியலுக்கும் விசுவாசத்துக்கும் இடையே நம்மிடம் நடக்கும் பூசல்களில் ஒரு பகுதி, இச்சொல்லாலேயே மூண்டது என்று கூறினால் மிகையாகாது.

விளைவாக இரண்டு பழக்கங்கள் வேரூன்றியுள்ளன. ஒரு சாரார், "அது வெறும் கோட்பாடுதானே, இன்னும் உண்மை ஆகவில்லையே" என்று ஒதுக்கிவிடுகின்றனர். மறு சாரார், "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று கூறி எல்லா விவாதத்துக்கும் கதவடைக்கின்றனர். மறையுரை மேடையிலும் பட்டிமன்றத்திலும் பத்திரிகைக் கட்டுரையிலும் இவ்விரு குரல்களும் மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்றையொன்று எதிர்ப்பவைபோல் தோன்றினும் இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. கோட்பாடு என்பது முதிராத உண்மை. போதிய சான்று சேர்ந்ததும் அது உண்மையாகப் பதவி உயர்வு பெறும் என்பதே அவ்வெண்ணம். இது சரியா என்பதை வடசென்னைக் கரையை வைத்தே ஆராய்வோம். அங்கே இது வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடாது. வீடும் படகும் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

கரை தேய்ந்தது, காரணம் யாது?

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். இராயபுரம் என்னும் பெயர் வழங்குவது நிகழ்வு. பேதுருவைப் பழந்தமிழில் இராயப்பர் என்றழைத்தோம். அவர் பெயரால் அமைந்த ஆலயத்தால் ஊர் அப்பெயர் பெற்றது என்பது விளக்கம். நல்ல விளக்கந்தான். ஆயினும் பெயர் வேறு, பெயர்க்காரணம் வேறு. நாளை ஏதேனும் ஆவணம் கிடைத்து விளக்கம் மாறினாலும், ஊரின் பெயர் மாறப்போவதில்லை.

இனி அவ்வூரின் கரையைக் காண்போம். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் நோக்கிச் செல்லும் கடற்கரை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பெரிதும் தேய்ந்துவிட்டது. வலை உலர்த்திய மணலும், அதன்மேல் இருந்த குடில்களும், ஒரு காலத்தில் தெருவாக இருந்தவையும் கடலுக்குள் போயின. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கற்களைக் கொட்டி அமைத்த தடுப்புகள் நிற்கின்றன. அதே காலத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே நேர்மாறானது நிகழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே ஒரு காலத்தில் அலைகள் வந்து போயின. இன்று கோட்டைக்கும் கடலுக்கும் இடையே அகன்ற நிலம் கிடக்கிறது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் சூட்டிய கடற்கரை, அதன் பின்னரும் அகன்றுகொண்டே வந்தது. இவை நிகழ்வுகள். பழைய வரைபடத்தையும் புதியதையும் அருகருகே வைத்தால் எவரும் காணலாம். எந்தக் கட்சியினரும் எந்தச் சமயத்தினரும் இவற்றை மறுக்க இயலாது.

ஏன் இப்படி என்று கேட்டால் விடைகள் பல. கடலன்னை சினங்கொண்டாள் என்பது ஒன்று. கடல் தனக்குரிய நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது மற்றொன்று. புயல்கள் அரித்தன என்பர் சிலர்; உலகம் வெப்பமுற்றுக் கடல்மட்டம் உயர்வதே காரணம் என்பர் வேறு சிலர். பொறியியலாளர் கூறும் விடை, கரையோர மணலோட்டம் என்பது.

அதன் சாரம் எளிது. அலை கரையை நேராக வந்து மோதுவதில்லை; சற்றே சாய்வாக வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே ஏற்றி, வடியும்போது நேராகக் கீழே இறக்குகிறது. ஒவ்வோர் அலையிலும் ஒவ்வொரு மணல்மணியும் கரையோடு சிறிது பக்கவாட்டில் நகர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. பருவத்தோடு திசை மாறும் இக்கடலைச் சென்னைக் கரையின் மீனவர் முன்பே அறிவர். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை 'வன்னி' என்றும் அவர்கள் பிரித்துப் பெயரிட்டுள்ளனர்.

1875-ஆம் ஆண்டு, வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி, கடலுக்குள் இரு கற்கரங்களை நீட்டிச் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். அன்றுமுதல் தெற்கிலிருந்து வந்த மணல் தென்கரத்தில் தடுக்கப்பட்டு அங்கேயே குவிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் வடகரையிலிருந்து அலைகள் மணலை மேலும் வடக்கே எடுத்துச் செல்வது நிற்கவில்லை. வரவு நின்று செலவு மட்டும் தொடரும் குடும்பம் என்ன ஆகுமோ, அதுவே அக்கரைக்கும் ஆயிற்று. 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் இம்மணலோட்டத்தை ஆராய்ந்து எழுதினார். கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் திறந்தவர் அவரே. தெற்கிலிருந்து மணல் வந்து வாயிலைத் தூர்த்துவிடும் என்று அவர் கணித்ததன் விளைவு அது.

கோட்பாட்டைச் சோதிப்பது எவ்வாறு?

இவ்விடைகளுள் எது சிறந்தது என்று தேர்வதற்கு, எத்தனை பேர் ஒப்புக்கொள்கின்றனர் என்று கைகளை எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு விளக்கமும் மெய்யாயின் வேறு என்னென்ன நிகழ வேண்டும் என்று கேட்டால் போதும். கடல்மட்டம் உயர்வதே காரணமாயின், துறைமுகத்தின் இருபுறமும் கரை தேய வேண்டும். ஆனால் தென்புறம் வளர்ந்தது. புயலே காரணமாயின், புயலுக்குத் தெற்கு வடக்கு என்ற வேற்றுமை கிடையாது; 1881 நவம்பர் புயல் துறைமுகத்தின் கரங்களையே உடைத்தெறிந்தது. கடலன்னையின் சினம் என்போரும், இராயபுரத்தில் சினந்தவள் மெரினாவில் ஏன் வாரி வழங்கினாள் என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். ஒருபுறம் குவிதல், மறுபுறம் தேய்தல், நடுவே துறைமுகம் என்னும் மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டுவது மணலோட்டக் கோட்பாடு மட்டுமே.

எனினும் அதற்கும் எல்லை உண்டு. துறைமுகம் கட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே கறுப்பர் நகரமெனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுன் கரையைக் கடல் அரித்தது. அதனைக் காக்கத் தாமஸ் டி ஹாவிலாந்து என்னும் பொறியாளர் கற்சுவர் எழுப்ப நேர்ந்தது. ஆகவே கடலரிப்பு முழுவதற்கும் துறைமுகமே காரணம் என்பது பொருந்தாது. இன்று உயர்ந்துவரும் கடல்மட்டமும் கரையின் சுமையைக் கூட்டவே செய்யும். நல்ல கோட்பாடு தான் விளக்குவதையும் விளக்காததையும் வேறுபடுத்திக் காட்ட நமக்கு உதவுகிறது. எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் கூற்றைத்தான் ஐயுற வேண்டும்; எது நடந்தாலும் பொருந்தும் விளக்கத்தைச் சோதிக்க வழியே இராது.

கோட்பாட்டின் பெரும்பயன் வருவதை முன்னறிவித்தல். மணலோட்டக் கோட்பாட்டின்படி, இக்கரையில் எங்கே கடலுக்குள் கல்லை நீட்டினாலும் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கரங்கள் கட்டப்பட்டன. அதன் வடக்கே நகரத்தின் புகழ்பெற்ற மணற்கரை மறைந்து கற்குவியல் ஆயிற்று. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அங்கும் அதே கதை தொடர்ந்தது. வடசென்னைக் கரையைக் காக்க அமைத்த குறுக்குச்சுவர்களின் இடையே மணல் தங்கியது உண்மை. ஆனால் வரிசையின் வடகோடிக்கு அப்பால் உள்ள குப்பத்தினர், இனித் தம் கரை என்னாகும் என்று கேட்பதும் அக்கோட்பாட்டின்படியே நியாயமான கேள்வி. அறிந்த கோட்பாட்டைக் கொண்டு இழந்ததை ஓரளவு மீட்கவும் கூடும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரியில் கடலடியில் ஒரு செயற்கைத் திட்டினை அமைத்து, மணல் மீண்டும் தங்கச் செய்தது இதற்குச் சான்று.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. அது தெற்கே பரவி எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் ஒதுங்கி, மெரினா வரையும் எட்டியது. தன்னார்வலரும் பணியாளரும் அதனை வாளி வாளியாக அள்ளியதை நாடே கண்டது. வடக்கே போகாமல் ஏன் தெற்கே வந்தது? அது வன்னி ஓடும் பருவம். அதே மோதல் ஜூன் மாதத்தில் நேர்ந்திருந்தால், எண்ணெய் பழவேற்காடு நோக்கிச் சென்றிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நிகழ்வு ஒன்றே, பருவத்தையும் ஓட்டத்தையும் பற்றிய அறிவுதான் அடுத்து எந்தக் கரையை முதலில் காக்க வேண்டும் என்று சொல்லும்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். மணலோட்டக் கோட்பாடு என்றேனும் 'உண்மையாக' மாறுமா? மாறாது, மாறத் தேவையுமில்லை. கரை தேய்ந்தது என்பதை அளந்து அறிகிறோம். ஏன் தேய்ந்தது என்பதைக் கருதி அறிகிறோம். அளந்தது எத்தனை ஆண்டு கழிந்தாலும் அளவே. கருதியது எத்துணை உறுதிப்பட்டாலும் விளக்கமே. நெல் முற்றினால் அரிசி தரும், அரிவாள் ஆகாது. அறுவடைக்கு இரண்டும் வேண்டும்.

திருச்சபை கற்ற பாடம்

இவ்வேறுபாட்டைத் திருச்சபை எளிதில் கற்கவில்லை, வருந்திக் கற்றது. 1615-இல் கர்தினால் பெல்லார்மின் எழுதிய கடிதம் ஒன்றில் இரண்டு கருத்துகள் உள்ளன. பூமி சுழல்கிறது என்பதைக் கணக்கிடுவதற்குரிய கருதுகோளாகக் கொள்வதில் இடரில்லை என்பது ஒன்று. அது மெய்யாகவே நிறுவப்படுமாயின், மறைநூற் பகுதிகளுக்கு நாம் கொண்ட பொருளை மறுபடியும் ஆராய வேண்டியிருக்கும் என்பது மற்றொன்று. அறிவுடைய நிலைப்பாடுதான். ஆனால் பின்வந்தோர் அதன் வழியில் நிற்கவில்லை, கலிலேயோ தண்டிக்கப்பட்டார். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவ்வழக்கில் இறையியலாளர் செய்த பிழையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இவ்வழக்கில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கடலோரத்தார்க்கு அது சுவை தரும். பூமி சுழல்கிறது என்பதற்குத் தலையாய சான்றாகக் கலிலேயோ தம் 1632-ஆம் ஆண்டு நூலில் காட்டியது, கடலின் ஏற்றவற்றத்தை. பூமியின் அசைவால் கடல்நீர் தளும்புவதே ஏற்றவற்றம் என்றார். நிலவுக்கு இதில் பங்குண்டு என்று கெப்ளர் கருதியதை அவர் ஏற்கவில்லை. ஆயின் அவர் விளக்கத்தின்படி நாளுக்கு ஒருமுறை ஏற வேண்டிய கடல், இருமுறை ஏறுவதற்குத் துணைக்காரணங்களைத் தேட வேண்டியிருந்தது. நிலவின் ஈர்ப்பைக் கொண்டு ஏற்றவற்றத்துக்கு அடிப்படை விளக்கம் தந்தவர் நியூட்டன், ஆண்டு 1687. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்குவதை எண்ணூர்க் கழிமுகத்தில் படகு செலுத்துவோர் எந்த நூலும் படிக்காமலே அறிவர். கலிலேயோவின் விளக்கம் வீழ்ந்தது, ஏற்றவற்றம் வீழவில்லை. அவர் காட்டிய சான்று தவறாயிற்று. பூமி சுழல்கிறது என்ற முடிவோ வேறு சான்றுகளால் உறுதிப்பட்டது. நிகழ்வு, அதற்குரிய விளக்கம், விளக்கத்துக்குக் காட்டும் சான்று ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் இருதரப்பாரும் இடறுவர் என்பதற்கு இதனினும் சிறந்த காட்டு வேண்டியதில்லை.

மற்றொரு வகை இடறலும் உண்டு. அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927-இல் கணித்து, அது ஒரு தொடக்க நிலையிலிருந்து விரிந்தது என்று 1931-இல் எழுதியவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், படைப்பைப் பற்றிய விசுவாசத்துக்கு இவ்வறிவியல் துணைநிற்பதாக மகிழ்ந்து பேசினார். லெமேத்ர் மகிழவில்லை, கவலையே கொண்டார். தம் கோட்பாடு விண்மீன்களின் ஒளியையும் அவற்றின் விரைவையும் விளக்குவது. அது இறைமறுப்பாளர்க்கும் விசுவாசிக்கும் பொதுவான களத்தில் நிற்பது. விசுவாசத்துக்கு அதனை முட்டுக்கொடுத்து நிறுத்தினால், நாளை கோட்பாடு மாறும்போது விசுவாசமும் சாயுமே என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். குருவாகவும் அறிவியலாளராகவும் இருந்த ஒருவரின் இந்நிதானம் நம் எழுத்தாளர்க்குப் பாடமாக வேண்டும். அறிவியல் நமக்கு எதிராக இருக்கும்போது 'வெறும் கோட்பாடு' என்றும், நமக்கு இசைவாகத் தோன்றும்போது 'அறிவியலே ஒப்புக்கொண்டது' என்றும் எழுதுவது நேர்மையாகாது.

அத்திரம்பாக்கத்துக் கல்

பரிணாமத்தைப் பற்றிய விவாதத்தையும் இதே ஒழுங்கில் வைத்துக் காணலாம். எண்ணூரில் கடலைச் சேரும் கொசத்தலையாற்றின் வழியே மேற்கே சென்றால், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் வரும். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தனர். அவற்றை ஆராய்ந்து வந்த சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டனர். 2018-இல், அதே இடத்தில் மேலடுக்கில் கிடைத்த நுணுக்கமான கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அறிவித்தனர்.

இதில் படிகள் பல. கல் அங்கே கிடந்தது என்பது கண்ணால் கண்டது. அதனைச் செதுக்கியது நீரோட்டமன்று, கை என்பது கருதி அறிந்தது. ஆனால் செதுக்கின் ஒழுங்கைப் பார்த்த எவரும் அதனை மறுப்பதில்லை. வயது, புதைந்த கல்லிலும் மண்ணிலும் தங்கிய தடயங்களை அளந்து கணக்கிட்டது. செதுக்கிய மாந்தர் யார், அந்நுட்பம் எங்கிருந்து வந்தது என்பவை கோட்பாடுகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த தற்கால மனிதரே அந்நுட்பத்தைக் கொணர்ந்தனர் என்ற கருத்தை 2018-ஆம் ஆண்டு முடிவு அசைத்துவிட்டது. கோட்பாடு அசைந்தது, கல் அசையவில்லை. கோட்பாடு அசைந்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, இவர்கள் சொல்வதெல்லாம் பொய்" என்று கூறுவோர், அதனை அசைத்தது எது என்று கேட்க மறந்துவிடுகின்றனர். அசைத்ததும் அந்தக் கல்லே.

1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாப்பிறை அறிவியற் கழகத்துக்கு விடுத்த செய்தியில், பரிணாமக் கோட்பாட்டைக் கருதுகோள் என்னும் நிலைக்கு மேற்பட்டதாகக் கொள்ள வேண்டியுள்ளது என்று குறிப்பிட்டார். வெவ்வேறு துறைகளில் தனித்தனியே செய்த ஆய்வுகள் ஒரே முடிவில் வந்து கூடியதை அதற்குக் காரணமாகக் காட்டினார். அதே செய்தியில், பரிணாமக் கோட்பாடு என்று ஒருமையில் கூறுவதைவிடக் 'கோட்பாடுகள்' என்று பன்மையில் கூறுவதே பொருத்தம் என்றும் சொன்னார். உயிரினங்கள் காலந்தோறும் மாறி வந்தன என்பதற்குப் பாறைகளும் உடலமைப்பும் சான்று. எவ்வாறு மாறின என்பதில் விளக்கங்கள் பல. மனிதனின் ஆன்மாவைப் பற்றிய கேள்வி இவ்விளக்கங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. முதலாவதை மறுக்க இரண்டாவதிலுள்ள கருத்து வேறுபாட்டைக் கருவியாக்குவதும், மூன்றாவதைத் தீர்த்துவிட்டதாக இரண்டாவதைக் கொண்டு பறைசாற்றுவதும் ஒருங்கே தவறு.

நிகழ்வை மறைக்கும் பேச்சு

இவ்வளவும் அறிஞர்க்குரிய விவாதம், உழைக்கும் மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. காட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அது கறுப்பாகப் படிந்தது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, யார் பொறுப்பு என்பவை பற்றி முதல் நாள்களில் மாறுபட்ட கூற்றுகள் எழுந்தன. அவ்வாறு எழுவது இயல்பே. ஆனால் காரணம் பற்றிய ஐயம், நிகழ்வைப் பற்றிய ஐயம் ஆகிவிடக் கூடாது. கையில் ஒட்டிய எண்ணெயைக் கழுவ முடியாமல் நிற்கும் மீனவரிடம், "இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்று சொன்னால், எது நிரூபிக்கப்படவில்லை என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். எண்ணெயா, அதன் ஊற்றா? அம்மாத இறுதியில், 26-ஆம் நாள் நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். குழாய் ஏன் கசிந்தது என்று வல்லுநர் குழு ஆராய்ந்து சொல்லட்டும். மூச்சுத் திணறியது எவருடைய கோட்பாடும் அன்று.

மறுதலையும் மெய். நமக்குப் பிடிக்காத ஆலை ஒன்று அருகில் இருக்கிறது என்பதனாலேயே, ஊரில் நேரும் ஒவ்வொரு நோய்க்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்டுவது விளக்கத்தை நிகழ்வாக்கும் பிழை. அப்பிழையை மறுதரப்பு எளிதில் உடைத்துவிடும். அதோடு சேர்த்து நம்முடைய மெய்யான முறையீட்டையும் தள்ளிவிடும். எத்தனை பேர், எந்த நாளில், எத்தகைய நோயுற்றனர் என்று முதலில் எழுதிவைத்தல் வேண்டும். பங்குதோறும் இருக்கும் மக்கள் அமைப்புகள் இதைச் செய்யலாம். குறிப்பேடு ஏழையின் ஆயுதம். அதில் உள்ளதை எந்தக் கோட்பாடும் அழிக்க முடியாது. அதனை விளக்கவே முயல வேண்டும்.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டுக்குப் புதியதன்று. மணிமேகலை தன் இறுதிப் பகுதியில் அளவைகளை விரித்துரைக்கிறது. காட்சியால் அறிவது ஒன்று, கருதலால் அறிவது ஒன்று என்று பிரிக்கிறது. மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று கருதவும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகக் கூறவும் கற்பிக்கிறது. புகை காட்சி, நெருப்பு கருதல். கருதல் என்பதனால் அதனை நம் முன்னோர் இழிவாக எண்ணவில்லை. அறிவுக்குரிய அளவைகளுள் ஒன்றாகவே மதித்தனர். எது காட்சி, எது கருதல் என்று பிரித்துச் சொல்லும்படி மட்டுமே கேட்டனர். புகைபோக்கிகளின் நிழலில் வாழும் மணலிக்கும் எண்ணூருக்கும் இப்பாடம் மிகவும் பொருந்தும்.

ஆதலால் நம் எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் மறையுரையாளர்க்கும் ஒரு வேண்டுகோள். அறிவியலின் 'கோட்பாடு' என்று எழுதும் இடத்தில் 'விளக்கக் கோட்பாடு' என்று ஒருமுறையேனும் எழுதுவோம். அல்லது அது எந்த நிகழ்வை விளக்குகிறது என்று உடன் சொல்வோம். 'அறிவியல் உண்மை' என்று எழுதுமுன், அது அளந்ததா, கருதியதா என்று கேட்டுக்கொள்வோம். 'வெறும்' என்னும் அடைமொழியைக் கோட்பாட்டுக்கு முன் வைப்பதை நிறுத்துவோம். திருச்சபையின் கோட்பாட்டுக்கும் அறிவியலின் கோட்பாட்டுக்கும் பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு என்பதை மறைக்கல்வி வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு விளக்குவோம். இவை சிறிய செயல்கள்தாம். ஆயினும் கரை தேயும் ஊரில் வளரும் பிள்ளை, தன் ஊரைக் கடல் ஏன் கொண்டுபோகிறது என்று கேட்கும்போது, சினத்தையும் விதியையும் காட்டி அதனை அனுப்பிவிடாமல், மணல் வரும் வழியையும் அது தடைப்பட்ட இடத்தையும் காட்டி விடைசொல்ல இவை நமக்கு உதவும். வழியை அறிந்த பிள்ளைதான், அதனை மீண்டும் திறக்க வழியுண்டா என்று அடுத்துக் கேட்கும்.